அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பகிர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையின் வாலிபர் கூட்டங்களிலும் ஊழியப் பயிற்சி வகுப்புகளிலும் ஆண்டுதோறும் தவறாமல் எழும் ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் பள்ளி ஆசிரியர்கள், அரசு அலுவலக எழுத்தர்கள், ஓய்வுபெற்ற வட்டாட்சியர், ஊராட்சித் தலைவரின் ஓட்டுநர் எனப் பலரும் உண்டு. சட்டம் சார்ந்த பதில்கள் தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இரண்டாம் கேள்விக்கான பதிலைத் தவறாமல் படிக்க வேண்டும்.

கலெக்டர், எம்.எல்.ஏ. போன்றவர்களிடம் பேசுவதற்குப் பிஷப்மார் இருக்கிறார்களே, சாதாரண விசுவாசி ஏன் போக வேண்டும்?

வேதாகமத்தில் பெரிய பதவியில் இருந்தவர்களிடம் தேவனைப் பற்றிப் பேசியவர்களின் பட்டியலைப் பார்த்தால், அதில் மேலான பதவியில் இருந்தவர்கள் குறைவு. தொழுநோயாளியான சீரியப் படைத்தலைவன் நாகமானுக்குக் குணமடைய வழிகாட்டியது அவன் வீட்டில் அடிமையாக வேலை செய்த சிறுமி. அவள் சொன்னதாக எழுதப்பட்டிருப்பது ஒரே ஒரு வாக்கியம். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் இராயனுடைய, அதாவது ரோமப் பேரரசனுடைய, அரமனையிலிருந்து வாழ்த்துச் சொல்கிறவர்களும் பெரும்பாலும் அங்கே வேலை செய்த அடிமைகளும் பணியாளர்களுமாகவே இருந்திருக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியரை நாள்தோறும் பார்ப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அறை வாசலில் நிற்கும் தபேதார், காரோட்டி, முகாம் அலுவலகத்தில் சமைப்பவர், கோப்புகளைக் கொண்டுபோகும் உதவியாளர் ஆகியோரே. பிஷப் ஒருவர் வந்து அமர்ந்தால், ஏதோ கோரிக்கையோடுதான் வந்திருப்பார் என்று ஆட்சியர் எண்ணுவார். அந்த எண்ணம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதே வேளையில், பெரியவர் என்பதற்காகவே ஒருவரைத் தேடிப்பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற கட்டளை எங்கும் இல்லை. வேலையாலோ, அண்டை வீட்டுப் பழக்கத்தாலோ, உறவாலோ அவர் அருகே வைக்கப்பட்டிருந்தால் பேசுங்கள். பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடத்தையும் ஏழைக்குத் தரையையும் காட்டும் சபையை யாக்கோபு கண்டிக்கிறாரே, அந்தக் கண்டனம் சுவிசேஷம் சொல்வதற்கும் பொருந்தும்.

இப்படிப் பேசுவது சட்டப்படி குற்றம் ஆகாதா? அதுவும் அரசு அதிகாரியிடம்?

அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒருவர் தம் மதத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது தம் மதக் கொள்கைகளை எடுத்துச் சொல்லும் உரிமையே என்றும், இன்னொருவரை மதம் மாற்றுவதற்கான உரிமை அதில் அடங்காது என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் விசுவாசத்தை விளக்கிச் சொல்லலாம்; வற்புறுத்துவதோ ஆசை காட்டுவதோ ஏமாற்றுவதோ கூடாது. தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத், ஒடிசா போன்ற மாநிலங்களில் இதற்கெனத் தனிச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அங்கே இருப்பவர்கள் உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளாமல் எதையும் செய்ய வேண்டாம்.

கேட்பவர் அதிகாரி என்பதால் இந்தச் சட்டநிலை மாறாது. ஆனால் அலுவலக நேரம் மக்களுடையது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் முதியோர் உதவித்தொகைக்காகக் காலையிலிருந்து வரிசையில் நிற்கும் பாட்டியின் முறையை எடுத்துக்கொண்டு நீங்கள் துண்டுப்பிரசுரம் கொடுத்தால், சட்டம் தடுக்காவிட்டாலும் அது அன்பற்ற செயலே.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது? "ஐயா" என்பதா, "சகோதரரே" என்பதா?

"ஐயா" அல்லது "அம்மா" என்றே தொடங்குங்கள். சபைக்குள் வழங்கும் "பிரதர்", "சிஸ்டர்" ஆகியவை வெளியாரின் காதுக்கு, அனுமதி கேட்காமல் தோளில் கைபோடுவதைப் போல ஒலிக்கும். பவுலே தம்மை விசாரித்த ரோமத் தேசாதிபதி பெஸ்துவை "மகா கனம்பொருந்திய" என்றுதான் விளிக்கிறார், அதுவும் பெஸ்து அவரைப் பைத்தியம் என்று உரக்கச் சொன்ன அடுத்த கணத்தில்.

மரியாதைக்கும் முகத்துதிக்கும் உள்ள வேறுபாட்டை அப்போஸ்தலர் 24-ஆம் அதிகாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பவுலுக்கு எதிராக வாதாட வந்த தெர்த்துல்லு என்னும் வழக்கறிஞர், தேசாதிபதி பேலிக்ஸால் தேசமே சமாதானமாக வாழ்கிறது, அவருடைய முன்யோசனையால் நன்மைகள் பல நடக்கின்றன, எங்கும் எப்பொழுதும் நன்றியறிதலோடு இருக்கிறோம் என்று அடுக்குகிறார். பேலிக்ஸின் ஆட்சிக்காலம் கலகங்களும் கொலைகளும் நிறைந்தது என்று அந்த நூற்றாண்டின் வரலாற்றாசிரியர்களே எழுதியிருப்பதால், இதைக் கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும். அடுத்துப் பேசும் பவுல், நீர் இந்தத் தேசத்தாருக்குப் பல ஆண்டுகளாக நியாயாதிபதியாக இருக்கிறீர் என்று அறிந்திருப்பதால் தைரியமாகப் பேசுகிறேன் என்கிறார். அவ்வளவுதான். உண்மையான ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுகிறார். நம் ஊர் மேடைகளில் "ஏழைகளின் இதய தெய்வமே" என்று தொடங்கிப் பழகிய நாவுக்கு இது கடினமான பயிற்சிதான்.

கல்லறைத் தோட்டத்துக்கு இடம் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். கூடவே ஒரு வேதாகமமும் கொடுத்துவிட்டு வந்தால் என்ன?

வேண்டாம். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: கோரிக்கையும் சாட்சியும் ஒரே கையில் போகக் கூடாது. ஆலயம் கட்ட ஆட்சியரின் அனுமதி, கல்லறைத் தோட்டத்துக்குப் பட்டா, சிறுபான்மைப் பள்ளிக்கு நிதி ஆகியவற்றைக் கேட்பது குடிமக்களின் உரிமை. அதற்கு மனு, ஆவணம், ரசீது, மேல்முறையீடு என்று தனி வழி இருக்கிறது. அந்த மேசையில் வேதாகமத்தை வைத்தவுடன், இவர்களுக்குக் கையெழுத்துப் போட்டால் தன்னைப் பற்றி என்ன பேசுவார்கள், போடாவிட்டால் என்ன பேசுவார்கள் என்றுதான் அதிகாரி கணக்குப் போடுவார். புத்தகம் மேசையின் ஓரத்துக்குப் போய்விடும். மனுவும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நாகமான் குணமடைந்து திரும்பி வந்து காணிக்கை கொடுத்தபோது தீர்க்கதரிசி எலிசா ஒன்றையும் வாங்கவில்லை. அவருடைய வேலைக்காரன் கேயாசி பின்னாலே ஓடிப்போய், ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் கேட்டான்; நாகமான் வற்புறுத்த, இரண்டு தாலந்தாகவே வாங்கிக்கொண்டான். கேட்டது தனக்கென்று சொல்லவில்லை. தீர்க்கதரிசிகளின் புத்திரர் இருவருக்காக, அதாவது ஊழியத்துக்காக என்று சொன்னான். நாம் "சபைக்காகத்தானே கேட்கிறோம்" என்று சொல்லும்போது இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இலவசமாக வந்த சுகம் என்று நாகமான் தன் ஊரில் போய்ச் சொல்ல முடியாதபடி கேயாசி செய்துவிட்டான்.

நடைமுறையில் ஒரு வழி உண்டு. மனுவோடு போகிறவர்களும் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். ஒருவரே இரண்டையும் செய்ய வேண்டிய சின்ன ஊர் என்றால், மனுவுக்கு முடிவு வரும்வரை அவர் பேசாமல் இருக்கட்டும்.

எங்கள் வழக்கை விசாரிக்கும் நீதிபதியிடம் பேசலாமா? பவுல் தன்னை விசாரித்த பேலிக்ஸிடமே பேசினாரே?

கூடாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஒரு தரப்பினர் நீதிபதியைத் தனியே சந்திப்பது எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் நீதியில் தலையிடுவதாகவே கொள்ளப்படும். பவுல் காவலில் இருந்த கைதி. பேலிக்ஸ்தான் அவரை அழைத்துவரச் சொன்னார். பவுல் பணம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தே பேலிக்ஸ் அடிக்கடி அழைத்ததாக அதே அதிகாரம் சொல்கிறது. பவுல் கொடுக்கவில்லை, இரண்டு ஆண்டு கழிந்து பேலிக்ஸ் பதவியைவிட்டுப் போனபோதும் காவலிலேயே இருந்தார். முந்தைய பதிலில் சொன்ன பிரிவினையை அவர் தன் விடுதலையையே விலையாகக் கொடுத்துக் காத்தார்.

கிறிஸ்துமஸ் விழாவுக்கு எம்.எல்.ஏ.வைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, அவர் முன்னால் செய்தி கொடுப்பது நல்ல வாய்ப்பு அல்லவா?

வாய்ப்பு என்றுதான் தோன்றும். நடப்பது என்னவென்றால், அவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவார். குழந்தைகளின் நாடகம் பாதியில் நிற்கும். பொன்னாடை, பூங்கொத்து, கேக் வெட்டுதல், படம் பிடித்தல் ஆகியவற்றுக்குப் பின் அவர் பேசுவார். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்று உதவியாளர் காதில் சொல்ல, செய்தி தொடங்குவதற்கு முன்பே எழுந்து போய்விடுவார். செய்தி கொடுத்தது சபைக்கு, கேட்டதும் சபை.

உட்கார்ந்து கேட்டாலும், நூற்றுக்கணக்கானவர்களின் கண்கள் தம்மீது இருக்கும்போது எந்த அரசியல்வாதியும் தன் உள்ளத்தைத் திறக்கமாட்டார். விருந்தோம்பலாக அழைப்பதில் தவறில்லை; எல்லாக் கட்சியினரையும் ஒரே வரிசையில் அமரவைத்து, மேடையில் யாரையும் புகழாமல் நடத்தினால் அது அண்டை அயலாருக்குச் செய்யும் மரியாதை. அதைச் சுவிசேஷ ஊழியம் என்று அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டாம். தேர்தல் காலத்தில் அழைக்கவே வேண்டாம்: மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடான செயல்.

"உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்கலாமா? மறுத்துவிட்டால் அவமானம் ஆகாதா?

கேட்கலாம், தனிமையில். பெரும்பாலோர் மறுப்பதில்லை, நம் நாட்டில் எந்த மதத்தைச் சேர்ந்தவரும் பிறர் தமக்காக வேண்டிக்கொள்வதை நல்லதாகவே கொள்கிறார்கள். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ளவர்களுக்காகவும் ஜெபிக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டது நீரோ போன்ற இராயர்களின் காலத்தில் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். அவருடைய தாயாரின் உடல்நிலை, பிள்ளையின் தேர்வு என்று அவர் சொன்னதற்காக ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கம் செய்வதும், "இந்த ஐயா ரட்சிக்கப்பட வேண்டும்" என்று அவர் காதுபட ஆண்டவரிடம் முறையிடுவதும் நேர்மையான வழியல்ல. கண்ணை மூடிக்கொண்டு அவரிடமே பேசுவதுதான் அது. சொன்னதை வெளியே சொல்லாதீர்கள். ஓர் அமைச்சரின் வீட்டுத் துயரம் அடுத்த ஞாயிறு ஜெபக் குறிப்பாக வாசிக்கப்பட்டால், அந்தக் கதவு அன்றோடு மூடிவிடும்.

அவர் லஞ்சம் வாங்குபவர் என்று ஊருக்கே தெரியும். அதைப் பேசாமல் இயேசுவின் அன்பை மட்டும் பேசுவது கோழைத்தனம் இல்லையா?

இந்தக் கேள்வி நியாயமானது. பேலிக்ஸும் அவர் மனைவி துருசில்லாளும் கேட்டது கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தைப் பற்றி. பவுல் பேசியது நீதி, இச்சையடக்கம், வரப்போகும் நியாயத்தீர்ப்பு ஆகிய மூன்றைப் பற்றி. துருசில்லாள் தன் முதல் கணவரை விட்டுவிட்டு வந்து பேலிக்ஸை மணந்தவள். பேலிக்ஸ் நீதியை விற்றவர். பவுல் அவர்கள் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அந்த மூன்று தலைப்புகளும் யாருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பது கேட்டவருக்குப் புரிந்தது. பேலிக்ஸ் பயமடைந்தார் என்றே எழுதியிருக்கிறது.

பாவத்தைப் பற்றி யாரிடமும் பேசும் அளவுக்கே இவரிடமும் பேசுங்கள். பதவிக்காகக் குறைக்கவும் வேண்டாம், உங்கள் வீரத்தைக் காட்டுவதற்காகக் கூட்டவும் வேண்டாம். தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவின் பாவத்தைப் பற்றி அவரிடம் நேருக்கு நேர் பேசினார். யோவான் ஸ்நானன் ஏரோதைக் கண்டித்துச் சிறைக்குப் போனார். அப்போதும் ஏரோது அவருடைய பேச்சை விருப்பத்தோடு கேட்டு வந்ததாக மாற்கு சொல்வது நாம் கவனிக்கத் தவறும் செய்தி. தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்க் 1708-இல் ஒரு தமிழ் விதவைக்காகப் பரிந்து பேசியதால், தன்னை அனுப்பிய டேனிஷ் அரசரின் நாட்டைச் சேர்ந்த வணிகக் கம்பெனியின் தளபதியால் நான்கு மாதம் சிறையில் வைக்கப்பட்டார். குற்றம் பற்றிய ஆதாரம் உங்கள் கையில் இருந்தால் அதற்குரிய இடம் லஞ்ச ஒழிப்புத் துறை. அதை வைத்துக்கொண்டு மனந்திரும்பச் சொல்வது மிரட்டலாகிவிடும்.

பல வருஷம் பழகியும் ஒருவர் கிறிஸ்தவர் ஆகவில்லை என்றால் அத்தனையும் வீண்தானே?

தஞ்சாவூர் சிவகங்கைக் கோட்டையில் உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மரணப்படுக்கையில் இருக்கும் மிஷனெரி சுவார்ட்ஸின் கையைப் பிடித்தபடி இளம் மன்னர் இரண்டாம் சரபோஜி நிற்கிறார். லண்டனில் இருந்த ஜான் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு அதைச் செய்வித்தவர் சரபோஜியே. கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள ஆங்கில வரிகளையும் அவரே எழுதினார். அனாதைகளின் தந்தை, விதவைகளின் துணை என்று அதில் சுவார்ட்ஸை அழைக்கிறார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்து, காசி யாத்திரையும் போய்வந்து, 1832-இல் மறைந்தார்.

1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1798-இல் தஞ்சையில் இறந்த சுவார்ட்ஸ், தஞ்சை மன்னர் துளஜா 1787-இல் இறக்கும்போது தத்துப்பிள்ளையான சரபோஜியை ஒப்படைக்க விரும்பிய ஆள். அரியணையில் அமர்ந்த அமர்சிங் அந்தச் சிறுவனை மோசமாக நடத்தியபோது சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அரசுக்கு எழுதி அவனைக் காத்தார். பஞ்ச காலத்தில், அரசனையும் கம்பெனியையும் நம்பாமல் தானியம் தர மறுத்த குடியானவர்கள், பணத்துக்குத் தான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னதை நம்பிக் கோட்டைக்கு நெல்லை ஓட்டிவந்தார்கள். 1779-இல் ஹைதர் அலி வழிச்செலவுக்கு அளித்த 300 ரூபாயைச் சென்னை அரசிடமே ஒப்படைத்துவிட்டார். அவர்கள் திருப்பித் தந்தபோது தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை ஒதுக்கினார். இவை வீண் என்று என்னால் எழுத முடியவில்லை.

ஆனால் அதே பயணத்தில் ஒரு நெருடலும் உண்டு. சுவார்ட்ஸ் ஹைதரிடம் போனது கம்பெனியின் தூதராக, சமாதானச் செய்தியோடு. மறு ஆண்டே போர் மூண்டது. அவருடைய நேர்மையை ஹைதர் ஐயுறவில்லை. எனினும் ஒரு நேர்மையாளரின் பெயர் அரசியல் கணக்குக்குப் பயன்பட்டுவிட்டது. நான்காம் கேள்வியின் பதில் எலிசா காலத்தோடு முடிந்துபோனதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஓர் அதிகாரி இரகசியமாக விசுவாசிக்கிறார், வெளியே சொன்னால் எல்லாம் போய்விடும் என்கிறார். என்ன சொல்வது?

முதலில், "எல்லாம்" என்பது என்ன என்று கேளுங்கள். சிலருக்கு அது குடும்பம்; சிலருக்குக் கட்சி; பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு அது சட்டம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். தனித்தொகுதியில் போட்டியிட முடியாது. இந்த ஆணையை எதிர்க்கும் வழக்குகள் 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளன. ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். காகிதத்தில் ஒன்றும் சபைப் பதிவேட்டில் இன்னொன்றுமாக எழுதிக்கொள்ளலாம் என்று ஆலோசனை தருவதும், நாளைக்கே அறிக்கையிடு என்று நெருக்குவதும், இழப்பு தமக்கு இல்லாதவர்கள் எளிதாகச் செய்பவை. நாகமான், தன் ராஜா தன் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்னும் தெய்வத்தின் கோவிலுக்குள் போகும்போது தானும் குனிய வேண்டியிருக்குமே என்று கேட்டபோது, எலிசா அதை ஆமோதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சமாதானத்தோடே போ என்றார். யூதர்களின் அதிகாரியான நிக்கொதேமு இயேசுவிடம் இராத்திரியில் வந்தவர். பிறகு இயேசுவின் உடலை அடக்கம்பண்ண எல்லாரும் அறிய வந்தார். நடுவில் யாரும் அவரை அவசரப்படுத்தியதாக எழுதப்படவில்லை.

நானே அதிகாரி. எனக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் சொல்லலாமா?

இதுவரை சொன்னவை கீழிருந்து மேலே பேசுவதைப் பற்றியவை. மேலிருந்து கீழே பேசும்போது எல்லாம் தலைகீழாகிவிடும். அவர்களுடைய விடுப்பு, பணிமாறுதல், மதிப்பீட்டு அறிக்கை ஆகியவை உங்கள் கையில் இருக்கும்வரை அவர்களால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. ஆகவே அலுவலகத்தில் நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர்களே கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஆலயத்துக்கு அழைக்க வேண்டாம். உங்கள் மேசைக்கு வரும் கோப்பு காசு கேட்காமல் உரிய நாளில் நகர்கிறது என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார் அல்லது தேர்தலில் தோற்றுவிட்டார். இனியும் தொடர வேண்டுமா?

நிச்சயமாக. பதவி போன மறுவாரம் தொலைபேசி ஒலிப்பது நின்றுவிடும். வாசலில் கார்கள் இருக்காது. பண்டிகைக்கு வந்த பலகாரத் தட்டுகள் புதியவரின் வீட்டுக்குப் போய்விடும். அப்போது ஒரு கோரிக்கையும் இல்லாமல் போய்ப் பார்ப்பவர் எதற்காக வருகிறார் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. முன்பு ஐந்து நிமிடம் கிடைக்காதவரிடம் இப்போது ஒரு மாலைப்பொழுது முழுவதும் கிடைக்கும், பேச்சில் பெரும்பகுதி அவருடையதாக இருக்கும், கேட்டுக்கொண்டிருங்கள். வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தால் அங்குள்ள சபையாரிடம் அவர் எண்ணைக் கொடுப்பதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் கொடுக்காதீர்கள். நீங்களே அவ்வப்போது அழைத்துப் பேசுங்கள்.